மரியசெல்வியின் சுட்டுவிரல்

மரியசெல்வியைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் அவள் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முகத்தைப் பற்றி ஏற்காட்டில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை, அவளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. ஆனால் அவள் டைப் அடிக்க உட்கார்ந்துவிட்டால், வாசலில் மிளகு காயப்போடும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய முதலாளியே ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மிசின் தாங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கை சும்மா வந்ததில்லை. சேலத்துக்குப் போய்த்தான் டைப்ரைட்டிங் படித்தாள். பஸ் இறங்கும்போது வாந்தி, ஏறும்போது வாந்தி, நடுவில் ஒரு மணி நேரம் பயிற்சி. கண்டக்டர் இவளுக்கென்றே ஜன்னல் சீட்டைப் பிடித்து வைத்திருப்பார். ஹையர் பாஸ் பண்ணிவிட்டு எழுபத்துநாலில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஊருக்கு என்ன, எதையும் சொல்லும்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மலைக்காரர்கள் வந்து நிற்பார்கள். பட்டாவுக்கு மனு, பள்ளிக்கூடத்துக்கு மனு, வரப்புத் தகராறுக்கு மனு. சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து தட்டிக் கொடுப்பாள். காசு வாங்கமாட்டாள். பலாச்சுளையோ ஆரஞ்சோ கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டாள். ஆபீசைப் பெருக்கித் துடைத்து ராத்திரிக் காவலும் பார்க்கும் அம்மாசிக்குக் குடியிருக்கும் மனை கிடைத்ததே அவள் அடித்த மனுவால்தான். "அந்தம்மா கையி, சாமி கையிங்க" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். அவள் காதில் விழுந்தால் திட்டுவாள். ஆனால் மனசுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

கல்யாணம் நடக்கவில்லை. அம்மா படுத்துவிட்டாள், அதுதான் காரணம். வேறு கதை எதுவும் கிடையாது.

அம்மாவுக்கு வந்தது நடுக்குவாதம். ஆரம்பத்தில் அது நோய் என்றே யாருக்கும் தெரியவில்லை. சாயங்கால ஜெபத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தவள், ஒருநாள் ஒரு மணியிலேயே நின்றுவிட்டாள். வாய் அடுத்த அருள்நிறைந்த மரியே ஜெபத்துக்குப் போய்விட்டது, விரல் போகவில்லை. "ஏம்மா தூங்கிட்டியா?" என்று மரியசெல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிற்பாடு பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்புறம் கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்தது, ரவிக்கைக் கொக்கி போட முடியாமல் போயிற்று, கஞ்சி டம்ளர் சிந்தியது, கடைசியில் அவள் புரண்டு படுக்கவே இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக மரியசெல்வி பல வருஷம் இருந்தாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, சேலத்து டாக்டரிடம் கேட்ட ஒரு கேள்வி மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது. இது பெற்ற பிள்ளைக்கும் வருமா என்று கேட்டிருந்தாள். சொல்ல முடியாதும்மா, பெரும்பாலும் வராது என்று அவர் சொல்லியிருந்தார். பெரும்பாலும் என்ற வார்த்தையை நம்பித்தான் அவள் படுத்து எழுந்துகொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டு கோடையில் சின்ன முதலாளி கோயமுத்தூரிலிருந்து ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வெளிநாட்டில் வாங்கியது, அவர் புதுசு வாங்கிக்கொண்டதால் இது ஆபீசுக்கு. பழைய டைப்ரைட்டரை அடுத்த வாரமே சேலத்துக் கடைக்காரன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனான். மரியசெல்வி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. உண்மையில் அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த வருஷம் ஆரம்பத்திலிருந்தே வலது சுட்டுவிரல் சில சமயம் ஒரு நொடி பிந்தியே விழுந்தது. ரிப்பன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புது மிசினில் ரிப்பன் கிடையாது.

லேப்டாப் அவளுக்கு வசப்பட்டுவிட்டது. எழுத்துகளுக்குக் கீழே உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு வழுவழுப்பான சதுரம். அதில் விரலை வைத்து லேசாக இழுத்தால் திரையில் அம்புக்குறி ஓடும். சின்ன முதலாளி அதை டச்பேட் என்றார். முதல் நாளே அம்பை அங்குமிங்கும் ஓட்டிக் காட்டினாள். "என்னைவிட நல்லா ஓட்டறீங்களே" என்று அவர் சொன்னார். அன்றைக்கு அவள் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கி, தனக்குத்தானே ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சேலத்திலிருந்து பாலசுப்பிரமணியம் வந்தார். கம்ப்யூட்டர் மெக்கானிக், கல்யாணமாகிக் கைக்குழந்தைக்குத் தகப்பன், பஸ்ஸில் அவரும் வாந்தி எடுப்பவர். புதிய விண்டோஸ் வந்திருக்கிறது, பழையதை எடுத்துவிட்டு அதைப் போடச் சொல்லி சின்ன முதலாளி அனுப்பியிருந்தார். சாயங்காலம்வரை உட்கார்ந்து போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து இறங்கிவிட்டார். மறுநாள் பூஜை. மரியசெல்வி வேதக்காரி, பூஜையன்றைக்கு ஆபீசுக்கு வருவதில்லை. அதற்கு அடுத்த நாள் வந்து டைப்ரைட்டரில் காய்ந்திருக்கும் சந்தனப் பொட்டைத் துடைத்துவிட்டு, அம்மாசி எடுத்துவைத்திருக்கும் பொரி கடலையைத் தின்பதோடு சரி. இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான்.

விடுமுறை முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தாள். சதுரத்தில் விரலை வைத்து இழுத்தாள். அம்பு நகரவில்லை. அழுத்தி இழுத்தாள். கொஞ்சம் போய் நின்றது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஊர்ந்து போய் மறுபடி நின்றது.

ஜெபமாலை மணியில் நின்ற அம்மாவின் விரல் அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து போய் அம்மாசியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க வாங்க. இதுல வெரலை வச்சு இப்பிடி இழுங்க."

அம்மாசி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தொட்டார். அம்பு அவருக்கும் நகரவில்லை.

"எனக்கும் நவுரலீங்கம்மா" என்றார். ஏனோ அவர் முகம் வெளுத்திருந்தது. மரியசெல்வி அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கவனிக்க எங்கே நேரம். அம்மாசிக்கும் நகரவில்லை. அப்படியென்றால் மிசின்தான். கை இல்லை.

சேலத்துக்கு போன் போட்டாள். பாலசுப்பிரமணியம் அவசரமே படவில்லை.

"புது விண்டோஸ் போட்டா மொதல்ல அப்பிடித்தாங்க மேடம் இருக்கும். கண்ட்ரோல் பேனல்ல மவுஸ்னு இருக்கும் பாருங்க, அதுல ஸ்பீடைக் கூட்டி வைங்க."

கூட்டி வைத்தாள். அம்பு நின்று நின்று தாவியது. மறுபடி போன்.

"அப்ப டிரைவர் சரியா ஏறலைங்க. நான் வந்துதான் பாக்கோணும். அதுக்குள்ள ஒண்ணு பண்ணுங்க மேடம், தனி மவுஸ் ஒண்ணு செருகிப் பாருங்க. அது நல்லா ஓடுச்சுன்னா கோளாறு பேட்லதான்னு தெரிஞ்சு போயிரும்."

மரியசெல்வியின் மேசை டிராயரில் மவுஸ் இருந்தது. சின்ன முதலாளி கொடுத்தபடி, பிரிக்காத டப்பாவோடு இருந்தது. டிராயரை அவள் திறக்கக்கூட இல்லை.

"மவுஸு இங்க இல்லீங்க தம்பி" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தெரியும், சொல்லமாட்டாள். மவுஸைச் செருகினால் மிசினா கையா என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அம்மாசிக்கும் ஓடவில்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அதை எதற்கு ஆட்டிப் பார்க்க வேண்டும்.

பாலசுப்பிரமணியம் வருகிறேன் வருகிறேன் என்றார். மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. அப்புறம் தீபாவளி, அப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல், அப்புறம் ஆத்தூரில் ஒரு பேங்க் வேலை. மரியசெல்வியும் விரட்டவில்லை. சின்ன முதலாளி போனில் கேட்கும்போதெல்லாம், "புது விண்டோஸ் சரியில்லீங்க, அதான் லேட்டாவுதுங்க" என்றாள். சொல்லச் சொல்ல அதுவே அவளுக்கு வேதவாக்காகிவிட்டது. எழுத்து தப்பி விழுந்தால் விண்டோஸ். கடிதம் முடிக்க மத்தியானமானால் விண்டோஸ். காலையில் ரவிக்கைக் கொக்கியோடு கண்ணாடி முன் மல்லுக்கட்டி நின்றபோது மட்டும் அதைச் சொல்ல முடியவில்லை. கார்த்திகை மாசத்துக் குளிர் என்றாள்.

சாயங்காலங்களில் வீட்டில் தனியாக ஜெபமாலையை எடுத்து உட்காருவாள். மணி நகரும். கொஞ்சம் யோசித்து நகரும். மாதாவே, மிசினாவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருப்பார்கள். ஒரு விண்டோஸ் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

டிசம்பரில் காப்பிப் பழம் எடுப்பு மும்முரமானது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிறேன், அதற்குள் அதைச் சரி பண்ணி வையுங்கள் என்று சின்ன முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாலசுப்பிரமணியத்துக்கும் அவரே போன் போட்டிருக்க வேண்டும், முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். வாய் கொப்பளித்துவிட்டு, அம்மாசி கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டு, பையிலிருந்து பிளாப்பிகளை எடுத்து அடுக்கினார். வெளியே மூடுபனி. பழக்கூடையோடு நிற்கும் பெண்களின் குரல்தான் கேட்டது, ஆள் தெரியவில்லை.

"தப்பு என்னுதுதாங்க மேடம்" என்றார் கொஞ்ச நேரத்தில். "விண்டோஸ் தன்னோட பொது டிரைவரைப் போட்டுக்கிச்சு. இந்தக் கம்பெனி டிரைவரை நான் தனியா ஏத்தியிருக்கோணும்."

மரியசெல்விக்கு அந்த வார்த்தை தேனாக இருந்தது. "அப்ப இதனாலதானுங்களா தம்பி?"

"இதனாலதாங்க."

ஏற்றினார். மிசினை அணைத்துப் போட்டார். சதுரத்தில் விரலை வைத்து இழுத்தார். அம்பு பழையபடி தத்தி நின்றது. அவர் புருவத்தைச் சுருக்கினார். ஸ்பீடை மாற்றினார், இன்னும் ஏதேதோ மாற்றினார். பிறகு லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கண்ணைக் கிட்டே கொண்டுபோனார். விரலால் சதுரத்தை வழித்து மோந்து பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இதுல தேங்கா எண்ணெ வாசம் அடிக்குது?"

கதவோரம் நின்ற அம்மாசி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஓரத்துல பாருங்க, இந்தச் சந்துல. மஞ்சளா, செவப்பா. இது குங்குமங்க" என்றார் பாலசுப்பிரமணியம்.

மரியசெல்வி திரும்பி அம்மாசியைப் பார்த்தாள். மனுசன் ஒடுங்கிப்போய் நின்றார்.

"பூசை அன்னிக்கிங்கம்மா" என்று இழுத்தார். "தராசு, கவாத்துக் கத்தி, பம்பு மிசினு எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வச்சேனுங்க. வருசா வருசம் உங்க டைப்பு மிசினுக்கு வச்சனுங்களா இல்லீங்களா? இதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாருக்குங்களா? எங்க வெக்கறதுன்னு தெரியல. இந்த எடந்தான் நெத்தியாட்டம் வெறிச்சுன்னு இருந்துச்சு. குழைச்சு அப்பிட்டேனுங்க. பூசை முடிஞ்ச மக்யா நாளு ஈரத்துணி போட்டுத் தொடைச்சேன். நீங்க வந்து நவுரலைன்னதும் எனக்கு ஈரக்கொலையே அத்துப் போச்சுங்க."

"எண்ணெ எதுக்குங்கய்யா?" என்று கேட்டார் பாலசுப்பிரமணியம்.

"நவுரட்டுமுன்னுதாங்க. கெணத்துக் கப்பிக்குப் போடறமில்லீங்களா? அந்தம்மா வர்றதுக்கு முன்னால தெனம் ரெண்டு சொட்டு உட்டுத் தேச்சு வெப்பேனுங்க. அப்பிடியும் நவுரல."

இரண்டு மாதத்துக்கு மேலாகத் தினமும் காலையில் இந்த மனிதர் இந்த மிசினுக்கு எண்ணெய்க் குளியல் நடத்தியிருக்கிறார். பாலசுப்பிரமணியம் தலையில் கை வைத்துக்கொண்டார். மரியசெல்வி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அந்த ஆபீஸ் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே பழக்கூடைப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"திட்டுங்கம்மா" என்றார் அம்மாசி. "சிரிக்காதீங்க."

"உங்களை ஏனுங்கண்ணா திட்டறேன்? நீங்க நொம்ப நாளைக்கு நல்லா இருக்கோணும்."

மனசாரச் சொன்னாள். சந்தனம். இரண்டு மாசமாக அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது வெறும் சந்தனமும் தேங்காய் எண்ணெயும். அம்மாவும் இல்லை, நடுக்குவாதமும் இல்லை. அவளே எழுந்து போய் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்து கொடுத்தாள். பாலசுப்பிரமணியம் சதுரத்தைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. வேறு பஞ்சு. அதுவும் மஞ்சள். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சந்தில் விட்டு எடுத்தார். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்தார்.

விரலை வைத்தார். அம்பு திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பறந்தது.

"அய்யா, நீங்க வந்து தொடுங்க."

அம்மாசி தயங்கித் தயங்கித் தொட்டார். காப்பிக் கறை ஏறின, காய்த்துப்போன விரல். அதுக்கும் ஓடியது. அம்மாசி வாயெல்லாம் பல்லாக, அம்பை வட்டமாகச் சுற்றவிட்டார். "அடேயப்பா" என்றார். "என்னமா ஓடுது பாருங்க."

"இப்ப உக்காருங்க மேடம்" என்று பாலசுப்பிரமணியம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மரியசெல்வி உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சுட்டுவிரலைச் சதுரத்தில் வைத்து இழுத்தாள்.

அம்பு கொஞ்சம் நகர்ந்து நின்றது.

விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இழுக்க வேண்டும் என்று நினைத்தாள். விரல் யோசித்தது. பிறகு ஒரு அரிசி நீளம் போயிற்று, அம்பும் அவ்வளவுதான் போயிற்று. சதுரம் சுத்தமாக இருந்தது. அவள் விரல் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை, அப்படியே திரையில் காட்டியது.

பாலசுப்பிரமணியம் குனிந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஸ்பீடு கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க மேடம், கூட்டி வெக்கறேன்" என்றார். கடைசிவரை கூட்டி வைத்தார். இப்போது விரல் வைத்தாலே அம்பு படபடவென்று ஆடியது. அவள் விரலை இழுக்கவே இல்லை. சும்மா வைத்திருந்த விரலின் ஆட்டம் அது. அதுவரை அந்த ஆட்டத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் டிராயரைத் திறந்து, பிரிக்காத மவுஸ் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதைச் செருகுங்க தம்பி."

பாலசுப்பிரமணியம் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இல்லை என்று சொன்னீர்களே என்று கேட்கவில்லை. பிரித்துச் செருகிக் கொடுத்தார். அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சரியாக அதேதான் நடந்தது.

அப்போது அம்மாசி முன்னால் வந்தார். கக்கத்தில் இருந்த மெல்லிய துண்டை எடுத்து, பாலசுப்பிரமணியத்தை ஒதுங்கச் சொல்லிவிட்டு, குனிந்து அந்தச் சதுரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இன்னும் போவலீங்கம்மா" என்றார். "சந்தனம் அப்பிடியே ஒட்டிட்டு இருக்குதுங்க. நான் அப்புனது கொஞ்சமா? என்ற தப்புதாங்க. எல்லாம் என்ற தப்புதான். உங்க கையிக்கு ஒண்ணுமில்லீங்க."

ஒன்றும் இல்லாத சதுரத்தை அவர் அழுத்தி அழுத்தித் துடைத்தார். திரையில் அம்பு அவர் துண்டுக்குத் தக்கபடி ஓடிக்கொண்டே இருந்தது. அதை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாலசுப்பிரமணியம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மரியசெல்வி வலது கையை மடியில் வைத்து இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கையையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போது பிடித்துக்கொள்ள அம்மாவுக்கு ஓர் ஆள் இருந்தாள்.

"சரிங்கண்ணா" என்றாள். "நல்லாத் தொடைங்க."